மாதுளைச் சாறா, மஞ்சள் மாத்திரையா, முதல் ஆறு மணி நேரமா?

பெங்களூரு அல்சூரில் என் தங்கை வீட்டில் வளைகாப்பு முடிந்து, வந்தவர்கள் தாம்பூலப் பையோடு கிளம்பிய பிறகு, தங்கை மகள் ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். மாதுளைச் சாறு, மஞ்சளில் உள்ள குர்குமின் மாத்திரை, திராட்சையில் உள்ள ரெஸ்வெரட்ரால் மாத்திரை, கிரீன் டீ, ப்ரோக்கோலி முளைப் பொடி என்று ஐந்து பொருள்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாத விலையும், அடியில் ஆறாயிரத்துச் சொச்சம் என்று கூட்டுத்தொகையும் எழுதியிருந்தாள். "பிரசவத்துல மூச்சுத்திணறல் வந்தாக்கூட குழந்தை மூளைக்கு ஒண்ணும் ஆகாம இதெல்லாம் காப்பாத்துமாம் மாமா. எல்லாத்துக்கும் ஆராய்ச்சி இருக்காம். எதை வாங்கலாம், எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அவளோடு வேலை பார்க்கும் பெண்ணின் குழந்தை பிறந்தவுடன் அழாமல் போய், பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்ததை அவள் அருகிலிருந்து பார்த்தவள். அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்தது பயம்தான்.

நான் மருத்துவன் அல்லன். இந்த ஊரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்து அளந்து கொடுத்த மருந்தாளுநன். எந்தப் பொருளைக் காட்டினாலும், எவ்வளவு, எந்த வழியாக, எந்த வேளையில் என்று கேட்பது எனக்குத் தொழில் விட்டுச்சென்ற பழக்கம். அந்த மூன்று கேள்விகளோடுதான் அவளுடைய பட்டியலையும் படித்தேன்.

அவளுக்குச் சொல்லப்பட்டது முழுப் பொய்யில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்கு இரத்தமும் ஆக்ஸிஜனும் குறைவதால் நேரும் காயம் ஒரே அடியில் முடிந்துவிடுவதில்லை. முதலில் செல்களின் ஆற்றல் வற்றுகிறது. மூச்சும் இரத்த ஓட்டமும் திரும்பியதும் அவை தேறிவிட்டதைப் போலத் தோன்றுகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேர அமைதிக்குப் பிறகு இரண்டாவது சரிவு தொடங்கி இரண்டு மூன்று நாள் வரை நீள்கிறது. அளவுக்கு மீறிச் சுரந்த குளுட்டமேட் என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருள், கட்டற்ற ஆக்ஸிஜன் மூலக்கூறுகள், அழற்சி, செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் காஸ்பேஸ் நொதிகள் ஆகிய நான்கும் சேர்ந்தே அந்த இரண்டாவது சரிவை உண்டாக்குகின்றன. தாவரங்களில் உள்ள பாலிஃபீனால் வகைப் பொருள்கள் இந்த நான்கையுமே ஓரளவு தடுக்கக்கூடியவை என்பதால் ஆய்வகங்கள் அவற்றின் பக்கம் திரும்பியதில் வியப்பு இல்லை.

ஆனால் அந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை நடப்பது எலிக்குட்டிகளிடம். 1981-இல் ரைஸ், வானுச்சி ஆகியோர் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை: பிறந்து ஏழு நாளான எலிக்குட்டியின் கழுத்துத் தமனிகளில் ஒன்றைக் கட்டிவிட்டு, 8 சதவீத ஆக்ஸிஜன் மட்டுமே உள்ள பெட்டியில் சிறிது நேரம் வைப்பார்கள். தாவரப் பொருளைப் பல ஆய்வுகளில் காயத்துக்கு முன்போ, காயம் முடிந்த கையோடோ, பெரும்பாலும் வயிற்றுக்குள் ஊசி வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். எலிக்குட்டிக்கு எந்த நிமிடத்தில் மூச்சுத்தடை வரப்போகிறது என்பது ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரியும். அல்சூர் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

தெரியாது என்பதால், தாய் வழியாகக் காப்பதென்றால் எல்லாத் தாய்மாருக்கும் மாதக்கணக்கில் கொடுத்தாக வேண்டும். வசதியான நாடுகளில் ஆயிரம் பிறப்புக்கு ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்கு இந்தக் காயம் நேர்கிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அதைவிட அதிகம். ஒரு பேச்சுக்கு ஆயிரத்துக்கு இரண்டு என்றும், ஏதோ ஒரு சாறு அதில் கால் பங்கைத் தடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு குழந்தையைக் காக்க இரண்டாயிரம் தாய்மார் அதைக் குடிக்க வேண்டியிருக்கும். மற்ற 1,999 பேருக்கு அதனால் எள்ளளவும் கெடுதல் வரக்கூடாது. இந்த இடத்தில், பலன் இருக்கிறதா என்பதைவிடத் தீங்கு இல்லை என்பதற்கு என்ன சான்று என்பதே பெரிய கேள்வி.

பட்டியலில் மனிதச் சான்றுக்கு மிக அருகில் வருவது மாதுளைதான். 2005-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கர்ப்பிணி எலிகளின் குடிநீரில் மாதுளைச் சாற்றைக் கலந்து கொடுத்து, பிறந்த குட்டிகளுக்குப் பிறகு மூச்சுத்தடைக் காயத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். சாறு குடித்த தாயின் குட்டிகளில் மூளைத் திசு இழப்பு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அதோடு நின்றுவிடாமல் மனிதரிடமும் சோதித்தார்கள் என்பதே மாதுளையின் தனிச்சிறப்பு. கருவளர்ச்சி குன்றிய கர்ப்பங்களில் நாளுக்கு ஏறத்தாழ 240 மில்லி சாறு கொடுத்து, குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் அளவிலோ கண்ணுக்குத் தெரியும் காயத்திலோ தெளிவான வேறுபாடு இல்லை. நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளின் நுண்ணமைப்பில் மட்டும் நல்லதைக் காட்டும் சில குறிகள் இருந்தன. எலியில் கிடைத்த 60 சதவீதம் மனிதரிடம் வந்தபோது சில குறிகளாகச் சுருங்கியது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு உறுதியான செய்தியும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ரஸல் மார்க்கெட்டில் வாங்கும் பகவா மாதுளையைப் பிழிந்தால், 240 மில்லிக்கு மூன்று பழமாவது வேண்டும்; அந்தச் சாற்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் நம் பெண்களிடம் பரவலாக இருக்கும்போது இதை மருந்து என்று நினைத்துத் தினமும் குடிப்பது சரியல்ல. சர்க்கரை மிகுந்து குழந்தை பெருத்துவிட்டால் பிரசவமே சிக்கலாகி, எந்த மூச்சுத்தடைக்குப் பயந்து சாறு குடித்தோமோ அதற்கே வழி திறந்துவிடும்.

மஞ்சள் விஷயத்தில் பெங்களூருக்கு ஒரு நேரடிப் பங்கு இருக்கிறது. குர்குமின் உடலில் சேர்வதே அரிது. குடலும் கல்லீரலும் அதை உடனடியாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. இந்த ஊர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறை 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாக விழுங்கிய தன்னார்வலர்களின் இரத்தத்தில் அது கண்டறிய முடியாத அளவுக்கோ மிகக் குறைவாகவோதான் இருந்தது. அதோடு மிளகின் பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. உலகெங்கும் குர்குமின் மாத்திரைப் பெட்டிகளில் "மிளகுச் சாரம் சேர்த்தது" என்று அச்சிடுவதற்கு அந்த ஆய்வே மூலம். பாலில் கால் தேக்கரண்டி மஞ்சள் போட்டால், மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதமே என்பதால், இருபது மில்லிகிராம் சொச்சம்தான் உள்ளே போகும். தன்னார்வலர்கள் விழுங்கியது அதைப் போல நூறு மடங்கு. ஆக, மஞ்சள் பால் குடிப்பதால் தீங்கும் இல்லை, குழந்தையின் மூளை வரை போய்ச் சேரும் என்ற கனவுக்கு இடமும் இல்லை.

மாத்திரையின் நிலை வேறு. பைபரின், குர்குமினை மட்டும் தனியே கைதூக்கிவிடுவதில்லை. மருந்துகளை வெளியேற்றும் கல்லீரலின் வேலையையே அது தடுக்கிறது. வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த மருந்தின் அளவும் இரத்தத்தில் ஏறிவிடலாம். மஞ்சளைக் குழந்தையின் மூளைக்கு அனுப்ப உண்மையாகவே முயன்றவர்கள், அமெரிக்காவின் சியாட்டிலில், குர்குமினை நுண்துகள்களுக்குள் அடைத்து எலிக்குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். நல்ல பலன் கண்டார்கள். அந்தத் துகள் கடையில் விற்கும் மாத்திரையில் இல்லை.

மஞ்சளைப் பற்றி எனக்கு உள்ள கவலை உண்மையில் வேறு. பளபளப்பான மஞ்சள் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைப் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் பரவியிருந்ததை 2019-இல் வெளியான ஆய்வு அம்பலப்படுத்தியது; நம் நாட்டிலும் சில இடங்களில் விற்ற மஞ்சளில் ஈயம் இருந்திருக்கிறது. ஈயம் கருவின் மூளையை நேரடியாகக் கெடுக்கும் பொருள். மூளையைக் காக்க மஞ்சள் தேடுகிறவர்கள், மாத்திரைக்குச் செலவிடும் கவனத்தை, நிறம் தூக்கலாக இல்லாத நம்பகமான கிழங்கு மஞ்சளை வாங்கி அரைப்பதில் காட்டினால் நல்லது.

கிரீன் டீயையும் ரெஸ்வெரட்ராலையும் சேர்த்தே பேசிவிடலாம், ஏனென்றால் இரண்டையும் நான் ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றேன். கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் தமனியிலிருந்து இரத்தத்தைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிடும் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்ற குறுக்குக் குழாய், பிறந்த பிறகுதான் மூட வேண்டும். அதைத் திறந்து வைத்திருப்பது உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தரக்கூடாது என்பதற்கு அதுவே முதன்மையான காரணங்களில் ஒன்று: அவை புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து அந்தக் குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடும். இவ்விரண்டும் சேர்ந்த பாலிஃபீனால்களும் அதே பாதையில் வேலை செய்கின்றன. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் கருவின் இதயத்தை ஆராயும் பவுலோ ஜீலின்ஸ்கியின் குழு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தேநீர், திராட்சைச் சாறு, சாக்லேட் முதலியவற்றை மிகுதியாக உட்கொண்ட தாய்மாரின் கருவில் அந்தக் குழாய் சுருங்குவதையும், அவற்றைக் குறைத்ததும் பலருக்கு அது சரியாவதையும் கண்டு எழுதியது. அழற்சியை அடக்குகிறது என்ற, விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் அதே குணம், ஏழாம் மாதத்துக்குப் பிறகு தீங்காக மாறக்கூடும் என்பதைப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. இது போதாதென்று, தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்பு மாத்திரையோடு கிரீன் டீயைக் குடிப்பது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவது.

ப்ரோக்கோலி முளையில் உள்ள சல்ஃபோரஃபேனைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கர்ப்பிணி எலிகளுக்கு உணவாகவே கொடுத்துப் பார்த்து, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறைந்த நிலையிலும் குட்டிகளின் மூளை ஓரளவு காக்கப்பட்டதைக் காட்டியிருக்கிறார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் கொடுத்தது முளை. சல்ஃபோரஃபேன் உண்டாவதற்கு வேண்டிய நொதி சூட்டில் அழிந்துபோகும் ஒன்று. டப்பாவில் அடைத்த பொடியில் அது எந்த நிலையில் இருக்கிறதோ. பச்சை முளையாகச் சாப்பிடலாமா என்றால், வேகாத முளைகளில் கிருமித் தொற்று ஆபத்து உண்டு என்பதால் கர்ப்பிணிகளுக்கு அதுவும் ஆகாது.

இத்தனையும் கேட்ட தங்கை மகள், "அப்போ செடியிலேர்ந்து வர்றது எதுவுமே குழந்தை மூளையைக் காப்பாத்தாதா மாமா?" என்றாள். காப்பாற்றும் ஒன்று இருக்கிறது. அன்று காலை அவள் வீட்டு டவராவில் நான் குடித்ததும் அதுதான். 1819-இல் காப்பிக் கொட்டையிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்த கஃபீன், இன்று எடை குறைந்த குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு அன்றாட மருந்து. அந்தக் குழந்தைகள் மூச்சுவிட மறந்து போவார்கள். அதை நினைவூட்டவே முதலில் அது கொடுக்கப்பட்டது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அதன் உறவான அமினோஃபிலின்தான் வழக்கத்தில் இருந்தது. அளவு சற்று மிஞ்சினாலும் குழந்தையின் இதயம் படபடக்கும். பிறகு கஃபீன் சிட்ரேட் வந்தது. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது முதல் அளவு, அதாவது ஒரு கிலோ குழந்தைக்குச் சரியாக ஒரு மில்லி. மறுநாளிலிருந்து கிலோவுக்கு 5, அதாவது கால் மில்லி. ஒரு மில்லி சிரிஞ்சில் அந்தக் கால் கோட்டைப் பிடிக்க, குழல் விளக்குக்கு நேரே உயர்த்தி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டிப் பார்ப்பேன். பெரியவர் உடலில் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும் கஃபீன், இந்தக் குழந்தைகளிடம் பாதியாக 100 மணி நேரம்கூட எடுக்கும் என்பதால், தவறுதலாக இரண்டு முறை கொடுத்துவிட்டால் திருத்திக்கொள்ள எளிதில் வழியில்லை.

500 முதல் 1,250 கிராம் எடையுள்ள 2,006 குழந்தைகளைச் சேர்த்து நடந்த பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2006, 2007 ஆண்டுகளில் வெளிவந்தது. கஃபீன் பெற்றவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் பெருமூளை வாதம் இருந்தது. அந்தக் குழந்தைகளை விட்டுவிடாமல் பதினோரு வயது வரை பின்தொடர்ந்தும், கை கால் இயக்கத்தில் கஃபீன் குழுவே மேல் என்று கண்டார்கள். அளவு, வழி, வேளை மூன்றும் தெரிந்த தாவரப் பொருள் என்றால் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஆனால் இதுவும் குறைப்பிரசவக் குழந்தைக்குரியது. நிறைமாதத்தில் மூச்சுத்தடை ஏற்பட்ட குழந்தைக்கு இதே பலனைச் சொல்ல முடியாது. குழந்தைக்கு நல்லது என்று தாய் கூடுதலாக இரண்டு டவரா காப்பி குடிப்பதற்கும் இதில் ஆதரவு இல்லை: கர்ப்பிணிகள் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுத்துக்கொண்டால் குறைக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பேச்சை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கையின் மாமியார், இந்த மாத்திரைகளெல்லாம் எதற்கு, பிறந்ததும் உரைமருந்து கொடுத்தால் போகிறது என்றார். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் அவர் சுங்கடிப் பையில் தயாராக இருந்தன. வயதில் மூத்தவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதில் விட்டுக்கொடுக்கவும் முடியாது. மூச்சுத்தடை ஏற்பட்ட குழந்தையின் உடல், இருக்கும் கொஞ்ச இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி, குடலைப் பட்டினி போடுகிறது. அடிபட்ட அந்தக் குடலுக்குள் கல்லில் உரைத்த எதையும் ஊற்றக்கூடாது. நலமாகப் பிறந்த குழந்தைக்கும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் அதைத் தடை செய்தார்கள். தாவரப் பொருள் பச்சிளங்குழந்தையின் மூளையைக் கெடுக்கவும் வல்லது என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு சாட்சி: நம் மரமஞ்சளிலும் இருக்கும் பெர்பெரின், மஞ்சள் காமாலை கண்ட சிசுக்களின் இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை விடுவித்து மூளைக்கு அனுப்பிவிடும் என்ற அச்சத்தில், அது அடங்கிய சீன மூலிகையை 1978-இல் அங்கே தடை செய்தார்கள், பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தளர்த்தினார்கள்.

இனி, தாவரங்களுக்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது. காயத்துக்குப் பிந்தைய ஆறு மணி நேர அமைதிக்குள் குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பது வசதியான நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. 2013-இல் 11 சோதனைகளின் 1,505 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒருவர் மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறார் என்ற கணக்கு கிடைத்தது. மருந்தகத்தில் அத்தனை ஆண்டு இருந்த எனக்கு, ஏழுக்கு ஒன்று என்பது மலைப்பான எண்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பதையும் நம் ஊர்க் குழந்தைகளே காட்டினார்கள். பெங்களூரு, சென்னை, மும்பை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. மரணமோ கடும் பாதிப்போ குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47; மரணம் மட்டும் 42-க்கு 31. குளிர்வித்த பக்கத்தில்தான் கூடுதல் சாவு. இங்கே பல குழந்தைகளுக்குக் காயம் பிரசவ வலியின்போது நீண்ட நேரம் சிறிது சிறிதாக நேர்ந்து, பிறக்கும்போதே அந்த ஆறு மணி நேரம் கழிந்துவிட்டிருக்கலாம் என்பது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் உருகி உறையும் பொருளைப் பயன்படுத்திக் குறைந்த செலவில் குளிர்விக்கும் முறையைத் தேர்ந்த கவனிப்போடு செய்திருக்கிறார்கள்; ஆகவே இதை ஒதுக்கிவிடவும் முடியாது. யாருக்கு, எங்கே, எந்தக் கவனிப்போடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்விப்பே இங்கே தடுமாறுவதால்தான் மலிவான, காயத்துக்கு முன்பே காக்கும் ஒரு பொருளின் தேவை மற்ற நாடுகளைவிட நமக்கு அதிகம். மாதுளை ஆய்வாளர்களை நான் ஏளனம் செய்யாததற்கும் அதுவே காரணம். அவர்கள் வேலை முடியவில்லை, விற்பவர்கள் முந்திக்கொண்டார்கள்.

எனவே ஐந்து பொருள்களுக்குள் எது சிறந்தது என்பதைவிட, அந்த ஆறாயிரம் ரூபாயும் அந்தப் பயமும் எங்கே போக வேண்டும் என்பதைத்தான் அவள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறந்தவுடன் மூச்செடுக்க ஏதாவது உதவி தேவைப்படுகிறது. அழாத குழந்தையைத் துடைத்து, தலையைச் சரியாக வைத்து, ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பையால் காற்று கொடுக்கத் தெரிந்த ஒரு கை அந்த அறையில் இருப்பது, எலிகளில் மட்டும் மெய்ப்பிக்கப்பட்ட எந்த மாத்திரையையும்விட மேல். நம் அரசு 2009-இல் நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கிச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

தங்கை மகள் பிரசவத்துக்குப் பதிவு செய்திருந்தது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சிறிய நர்சிங் ஹோம். சுத்தமான இடம், கனிவான டாக்டர். ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. குழந்தைக்கு ஏதாவது என்றால் ஆம்புலன்சில் வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். மாலை ஏழு மணிக்கு ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஆம்புலன்ஸ் எப்படி நகரும் என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் ஆபீசுக்குப் போய் வருகிறவள். தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான இன்குபேட்டர் வண்டி கிடையாது, இடம் மாறுவதென்றால் பிறப்பதற்கு முன்பே மாறு என்று மட்டும் சொன்னேன்.

அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மருத்துவமனையில் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டாள்: இரவிலும் குழந்தை மருத்துவர் இருப்பாரா, வலி தொடங்கியதும் குழந்தையின் இதயத் துடிப்பை எப்படிக் கவனிப்பீர்கள், அவசர ஆபரேஷன் என்றால் எத்தனை நிமிடத்தில் தொடங்குவீர்கள், குளிர்விப்பு வசதி உங்களிடமே இருக்கிறதா. பிறகு முன்பக்கம் வந்து, ஒவ்வொரு வரியாக அடித்தாள். முதல் வரியில் மட்டும் கொஞ்சம் யோசித்து, "சாறு" என்பதை அடித்துவிட்டு, "பழம், வாரத்துக்கு மூணு" என்று எழுதினாள்.